ஐந்தாம் தலைமுறைக்கு ஒரு டோக்கன்

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. வாங்கிப்போன மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டு, "நீங்க குடுத்த பிரேம் சரியில்ல" என்று சண்டைக்கு வருகிறவரிடம்கூட, "அப்படியா? இருக்கும், இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே நிமிர்த்திக் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரையும் பழிவாங்கக் கிளப்பிவிட்ட பெருமை செல்பேசிக் கம்பெனியைச் சேரும். நாட்டில் இருந்தது அந்த ஒரே கம்பெனி. அதனால் அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கம்பெனி என்றால் அதுதான்.

கீழே கண்ணாடிக் கடை, அதற்கு மேல் வீடு, உச்சியில் மொட்டை மாடி. அந்த மாடியில்தான் ஊரின் முதல் டவர் நின்றது. அதை நட வந்த காலத்தில் கம்பெனி அதிகாரி ஒருவர், செங்கல் அளவில் இருந்த ஒரு போனைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு, கடை ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, "சார், நீங்க மனசு வெச்சா இந்த ஊரே பேசும்" என்று கெஞ்சினார். கண்ணாடிக்காரர் மனசு வைத்தார். அதுதான் முதல் தலைமுறை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பக்கத்துத் தெருவில் யாராவது ரேடியோவைத் திருகினால் நம் வீட்டு விவகாரம் அங்கே ஒலிபரப்பாகும். ஆனாலும் பேசலாம்.

இரண்டாம் தலைமுறைக்கு வேறோர் அதிகாரி வந்தார். அவர் உட்காரவில்லை. இனிமேல் குரல் குரலாகப் போகாது, ஒன்றும் சைபருமாக அரைபட்டுப் போய் அந்தப் பக்கத்தில் மறுபடி குரலாகிவிடும் என்று நின்றபடியே விளக்கினார். மூன்றாவதற்கு வந்தவர் குரலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, படம் போகும் என்றார். நான்காவது ஆள் சினிமாவே போகும் என்று படியேறிக்கொண்டே சொன்னார். ஐந்தாம் தலைமுறைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் சில பேர் பெட்டிகளோடு கடைக்குள் புகுந்து, "வழி விடுங்க" என்றார்கள்.

நடுவில் ஒருமுறை மாடியிலிருந்து பேட்டரிகள் திருட்டுப்போயின. கம்பெனி பதறிப்போய் மாடிப்படியின் உச்சியில் ஓர் எஃகுக் கதவைப் போட்டது. இடி விழுந்தாலும் அசையாத கதவு. ஒரே சாவி. அதைக் கண்ணாடிக்காரரின் உள்ளங்கையில் வைத்து, "யாரையும் சும்மா உள்ள விட்டுடாதீங்க" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனது.

கண்ணாடிக்காரர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமென்று இருந்தது ஓர் அக்கா மட்டும். அக்கா அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். லைனில் வருகிற முதல் "ஹலோ"வை வைத்தே பேசுகிறவர் நிஜமாகத் தவிக்கிறாரா, வேலை ஆக வேண்டுமென்று நடிக்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, பஸ்ஸில் பாதி நாள் தூரத்திலிருந்த ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். கையில் ஒரு பட்டன் போன். மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்கிற நேரம் பார்த்து அழைப்பார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லாதே. இது வெறும் வயித்துக் குரல்."

அந்த அழைப்பு ஒருநாள் வரவில்லை. இவர் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கம்பெனியின் பதிவுக்குரல் தேன் ஒழுகச் சொன்னது. கடையைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து ஓடினார். அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். போன்தான் "சேவை இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தது.

பட்டன் போன்கள் நம்பியிருந்த இரண்டாம் தலைமுறையைக் கம்பெனி மூடிவிட்டிருந்தது. சொல்லாமல் மூடவில்லை, எல்லோருக்கும் முறைப்படி அறிவித்துவிட்டுத்தான் மூடியது. அறிவிப்பை அழகான வீடியோவாக எடுத்து அனுப்பியிருந்தது. பட்டன் போனில் வீடியோ வராது. வராததால் அதை வைத்திருந்தவர்கள் பார்க்கவில்லை, பார்க்காததால் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்காததால் மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டார்கள்.

"தடவுற போன் ஒண்ணு வாங்கித் தரேன்க்கா."

"பக்கத்து வீட்டுப் பொண்ணோடதை வாங்கிப் பாத்துட்டேன்டா. எனக்கு விரல் நடுங்குது. உன் பேரைத் தொட்டா என் மூஞ்சியைப் படம் பிடிக்குது. லைன் போச்சுன்னா போய் கம்ப்ளெயின்ட் குடு. எங்க காலத்துல மறுநாளே வாசல்ல ஆள் நிப்பான்."

கண்ணாடிக்காரர் ஊர் திரும்பி, கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையத்துக்குப் போனார். வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண் அக்காவின் எண்ணைக் கேட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் சார், சொல்லுங்க."

"அந்தப் போன்லதாம்மா சிக்னல் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"புரியுது சார். அந்த நம்பரைச் சொன்னாத்தான் சிக்னல் இல்லைங்கிறதை நீங்க சொல்ல முடியும்."

"சிக்னல் இருந்தா நான் எதுக்கும்மா வரேன்?"

"கரெக்ட் சார். சிக்னல் இருக்கிறவங்க புகாரைத்தான் நாங்க முதல்ல எடுத்துக்கிறோம். அவங்களைத்தானே கூப்பிட்டு விசாரிக்க முடியுது?"

இதில் ஏதோ நியாயம் இருப்பது போலப் பட்டதால் கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். தெருமுனை வரை போன பிறகுதான் தலையை ஆட்டியது தப்பு என்று தோன்றியது. மறுநாள் மறுபடி போய், கெஞ்சிக் கூத்தாடி, மகிழ்ச்சி மேலாளர் என்று பலகை வைத்திருந்த அறைக்குள் நுழைந்துவிட்டார்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உங்க அக்கா ஒரு நாளைக்கு எவ்வளவு படம் பாப்பாங்க?"

"படமெல்லாம் பாக்க மாட்டாங்க. பேசுவாங்க."

"பேச மட்டும்தானா?" மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் யாருக்கோ சொல்லக்கூடாத வியாதி என்று கேள்விப்பட்டவர் மாதிரி முகம் வைத்துக்கொண்டார். "சரி, புகாரை ஏத்திடுறேன். எந்தப் பிரிவுல போடட்டும்? மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, அளவற்ற மகிழ்ச்சி, இது மூணுதான் இருக்கு."

"வருத்தம்னு எதுவும் இல்லையா சார்?"

"அதைப் போன வருஷமே எடுத்துட்டோம். அதுக்கப்புறம் நாட்டுல ஒருத்தர்கூட வருத்தமா இல்ல."

இருப்பதிலேயே குறைச்சலாக இருக்கட்டும் என்று கண்ணாடிக்காரர் வெறும் மகிழ்ச்சியைச் சொன்னார். மேலாளர் ஒரு விசையைத் தட்டினார். புகார் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்ட செய்தி அக்காவின் போனுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகவும் சொல்லிக் கை குலுக்கினார்.

அந்த மாதமே ஒரு காலையில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போன் எப்போதும் போல இடுப்பில் செருகியிருந்தது. எடுத்துத் தம்பியின் எண்ணை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஜன்னல் வழியாக வந்த வெயில் முதலில் காலில் விழுந்தது. மெல்ல மேலேறி முகத்துக்கு வந்தபோதும் அமுக்கிக்கொண்டிருந்தார். திறந்தபடி கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் வாசல் வரை வழிந்து வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆள் கூட்டிவந்து கதவை உடைத்தாள்.

"ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஹலோ ஹலோன்னு சொல்லிட்டே இருந்தேன்டா," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா சிரித்தார். "சேவை இல்லைன்னு எழுதியிருக்கு, தெரியுது. வாய் கேட்க மாட்டேங்குது. இத்தனை வருஷப் பழக்கம்."

கண்ணாடிக்காரர் வராந்தாவுக்கு வந்து தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொதித்து மேலே வந்தது. அவருக்கு அது பழக்கமில்லாத சமாசாரம் என்பதால் முதலில் அஜீரணம் என்றே நினைத்தார்.

அக்காவைத் தன்னோடு அழைத்துவந்துவிட்டார். சக்கர நாற்காலியில் அக்கா கடையின் மூலையில், மாடிப்படி தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி தன் பொன்விழாவையும் ஐந்தாம் தலைமுறைத் தொடக்க விழாவையும் சேர்த்து நடத்தத் தீர்மானித்தது. இடம், கடைக்கு எதிரே இருந்த பெரிய மண்டபம். நாட்டிலேயே நல்ல சிக்னல் அந்தத் தெருவில்தான் என்று அளந்து கண்டுபிடித்திருந்தார்கள். முக்கிய நிகழ்ச்சி ஒரு கைகுலுக்கல். கம்பெனித் தலைவர் இங்கே மேடையில் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு கையை நீட்டுவார். தலைநகரில் ஓர் இயந்திரக் கை அதே நொடியில் நீண்டு அமைச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கும். "எங்கள் பிடி என்றும் விடாது" என்று தெரு நெடுகப் பதாகை கட்டியிருந்தார்கள்.

தலைவரின் உரை ஒலிபெருக்கி வழியாகக் கடைக்குள்ளும் வந்தது.

"முதல் தலைமுறையில் மனிதன் மனிதனோடு பேசிக்கொண்டிருந்தான். அது எவ்வளவு பெரிய விரயம் என்று அன்றைக்கு நமக்குத் தெரியவில்லை. இரண்டாம் தலைமுறையில் அந்தப் பேச்சைச் சுருக்கிச் செய்தியாக்கினோம். மூன்றில் படமாக்கினோம். நான்கில் அவன் படம் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சு தானாகவே நின்றது. இன்று ஐந்தாம் தலைமுறை! இனி விளக்கு குளிர்பெட்டியோடு பேசும், குளிர்பெட்டி காரோடு பேசும், மனிதன் குறுக்கே பேச வேண்டிய தொல்லையே இல்லை. ஆறாம் தலைமுறையில் வாடிக்கையாளரே தேவைப்படாத ஒரு சேவையை உருவாக்கப்போகிறோம் என்ற இனிய செய்தியையும் சொல்லிக்கொள்கிறேன். பழைய போன் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சில பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். நண்பர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எங்களுக்குப் போன் செய்து குறை சொன்னதில்லை!"

கைதட்டல் தெருவையே அதிரவைத்தது. அக்கா மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

தலைவர் உறை மாட்டிய கையை நீட்டினார். திரையில் தெரிந்த இயந்திரக் கை அமைச்சரின் கையைப் பிடித்தது. குலுக்கியது. அந்த நொடியில், மொட்டை மாடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த புதுப் பெட்டி சூடு தாங்காமல் அணைந்துபோனது. திரை உறைந்தது. தலைநகரில் இயந்திரக் கை, கம்பெனி கொடுத்த வாக்கின்படி, பிடியை விடவில்லை.

முதலில் ஓடிவந்தது ஓர் இன்ஜினியர். "சார், சாவி குடுங்க. மேல ஒரு சிவப்பு பட்டனை அமுக்கினா போதும்."

பழக்க தோஷத்தில் கண்ணாடிக்காரரின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அக்கா கையை நீட்டினார். "அதை இங்க குடுடா." வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சை விட்ட பிறகு யாருமே கேட்டிராத பட்டுக் குரலை எடுத்தார்.

"வணக்கம். மொட்டை மாடி சேவை மையத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம். மாடிக்குப் போக ஒன்று என்று சொல்லவும். வந்த வழியே போக இரண்டு என்று சொல்லவும்."

"என்னம்மா, விளையாடுற நேரமா இது?"

"தவறான தேர்வு. வணக்கம். மொட்டை மாடி சேவை மையத்துக்கு..."

"ஐயோ, ஒண்ணு! ஒண்ணு!"

"நன்றி. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க."

"டவரே படுத்துக் கிடக்கு, நம்பர் எப்படிம்மா வரும்?"

"புரியுது சார். அந்த நம்பரைச் சொன்னாத்தான் டவர் படுத்துக் கிடக்கிறதை நீங்க சொல்ல முடியும். அதுவரைக்கும் பாட்டு கேளுங்க." அக்கா கண்ணை மூடிக்கொண்டு வார்த்தையில்லாத ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். நடுநடுவே நிறுத்தி, "உங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டு மறுபடி முணுமுணுத்தார்.

இன்ஜினியர் போய் ஆட்களைக் கூட்டிவந்தான். அவர்கள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு படியேறி, எஃகுக் கதவைச் சம்மட்டியால் அடித்தார்கள். கம்பெனி தன் வாழ்நாளில் செய்த பொருள்களிலேயே சொன்னபடி உழைத்தது அந்தக் கதவு ஒன்றுதான். சம்மட்டியின் பிடிதான் முறிந்தது. பிறகு மகிழ்ச்சி மேலாளர் வந்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"சார், நீங்க நம்ம பழைய வாடிக்கையாளர். நமக்குள்ள என்ன..."

"இப்ப எப்படி இருக்கீங்க சார்?" என்றார் கண்ணாடிக்காரர். "மிக்க மகிழ்ச்சியா, இல்ல அளவற்ற மகிழ்ச்சியா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

கடைசியில் தலைவரே தெருவைக் கடந்து வந்தார். கையில் உறை அப்படியே இருந்தது. மண்டபத்தின் பழைய கம்பி டெலிபோனில் அமைச்சரின் செயலாளர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். அமைச்சரின் விரல்கள் நீலம் பாரித்துவிட்டனவாம். மூக்கு வேறு அரிக்கிறதாம், மேடையில் அவரே சொறிந்துகொள்வது மரபில்லையாம், சொறிந்துவிட வேறு யாருக்கும் அதிகாரமில்லையாம்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார் தலைவர். "புதுப் போன்? ஆயுசுக்கும் இலவச சினிமா?"

அக்கா முணுமுணுப்பை நிறுத்தவில்லை. தலைவர் மேலாளரிடம் திரும்பினார். "இந்தம்மாவுக்கு என்னய்யா குறை?"

"இவங்க பட்டன் போன் வெச்சிருந்தவங்க சார். வீட்டுல விழுந்து, கூப்பிட முடியாம, இடுப்பு போயிடுச்சு. ஆனா நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்ல சார். புகார் எப்பவோ தீர்ந்துபோச்சு. மகிழ்ச்சியா இருக்காங்க."

"அப்புறம் என்ன?" என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். கொதித்துக்கொண்டே இருந்தது அஜீரணம் இல்லை என்று அப்போது அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துபோயிற்று.

"படுங்க," என்றார்.

"என்ன?"

"தரையில படுங்க. மல்லாந்து."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. கம்பி டெலிபோன் மறுபடி அடிக்கிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. தலைவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு, கோட்டோடு தரையில் படுத்தார். கண்ணாடிக் கடையாயிற்றே, நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் தலைவர் படுத்திருந்தார். வாசல் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு தெருவே பார்த்தது.

கண்ணாடிக்காரர் அக்காவின் பட்டன் போனை எடுத்துத் தலைவரின் உறை மாட்டிய கையில் வைத்தார். "கூப்பிடுங்க. உங்களுக்கு யார் வேணுமோ அவங்களை."

தலைவர் அமுக்கினார். "சேவை இல்லைன்னு வருது."

"ஹலோ சொல்லுங்க. எங்கக்கா அன்னைக்குச் சொல்லிட்டே இருந்தாங்க."

"ஹலோ," என்றார் தலைவர், மேடையில் சொல்வது போல. அக்கா உதட்டைப் பிதுக்கித் தலையை அசைத்தார். "நடிப்பு. இன்னொரு தடவை."

வெயில் வாசல் வழியாக வந்து தலைவரின் காலணியைத் தொட்டது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரமாகச் சொன்னார், எரிச்சலாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு மறுபடி மெட்டை முணுமுணுத்தார். வெயில் முட்டியைத் தாண்டியது. முதுகில் தரையின் சில்லிப்பு ஏறியது. மேலாளர் ஓர் அடி முன்னால் வந்தபோது கண்ணாடிக்காரர் ஒரு பார்வை பார்த்தார், அவர் பின்வாங்கிவிட்டார். வெயில் இடுப்புக்கு வந்தபோது தலைவரின் குரல் உடைந்தது. "ஹலோ... யாராவது வாங்களேன். யாராவது எடுங்களேன்!"

அக்கா முணுமுணுப்பை நிறுத்தினார்.

"ஆங். இப்ப லைன் கிடைச்சுது," என்றார். "எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். மூடின பழைய லைனைத் திறக்கச் சொல்லுங்க. அப்புறம் உங்க சொந்த நம்பரைச் சொல்லுங்க. மகிழ்ச்சி மையத்து நம்பர் இல்ல, உங்க சட்டைப் பையில இருக்கே, அது."

தலைவர் தரையிலிருந்தபடியே மேலாளருக்கு உத்தரவு போட்டார். தன் எண்ணையும் சொன்னார். அக்கா அதைப் பழைய வழக்கப்படி ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, சாவியை நீட்டினார்.

சிவப்பு பட்டன் அமுக்கப்பட்டது. தலைநகரில் அமைச்சரின் கை விடுபட்டது. கம்பெனியின் பிடி உலகத் தரமானது என்று அவர் அன்றைக்கே அறிக்கை விட்டார், இடது கையால் கையெழுத்துப் போட்டு. தலைவர் தரையில் படுத்திருக்கும் படத்தை மறுவாரமே கம்பெனி விளம்பரமாக்கியது: "உங்கள் குறை கேட்கத் தரைமட்டம் வரை இறங்குவோம்." அதற்கடுத்த மாதம், பழைய இரண்டாம் தலைமுறைக்குப் புதுப் பெயர் சூட்டி, உலகிலேயே முதன்முறையாகப் பேசுவதற்கென்றே ஒரு நெட்வொர்க் என்று மேளதாளத்தோடு அறிமுகம் செய்தார்கள். அதைக் கண்டுபிடித்ததற்காக மகிழ்ச்சி மேலாளருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. கண்ணாடிக்காரருக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் தன் பங்குக்கு மேலாளரையும் ஒருநாள் கவனித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். பெட்டி இன்னமும் கோடையில் சூடாகிறது. சாவி இன்னமும் அக்காவின் மடியில்தான்.

தினமும் மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா பட்டன் போனை எடுப்பார். இப்போது தம்பி பக்கத்திலேயே இருப்பதால் அவர் அமுக்குவது வேறு எண். தலைவர் கூட்டத்தில் இருந்தாலும், சாப்பாட்டு மேஜையில் இருந்தாலும், அமைச்சரோடு பேசிக்கொண்டிருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"ஹலோ! அம்மா, சொல்லுங்கம்மா!"

"ஒண்ணுமில்ல. சிக்னல் இருக்கான்னு பாத்தேன்," என்று சொல்லி அக்கா வைத்துவிடுவார்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "போதும்க்கா. இன்னுமா உனக்கு மனசு ஆறல?"

"அது ஆறி ரொம்ப நாளாச்சுடா," என்றார் அக்கா. "ஆறினதுக்கப்புறம் கூப்பிடுறதுலதான் ருசி."